பட்டினி கிடக்காத செம்பருத்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு, விராலிமலைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்த வாரத்தில், கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. யார் வகுப்பைக் காட்டலாம் என்று தலைமையாசிரியர் கேட்டு முடிக்கவில்லை, "என் வகுப்பைக் காட்டலாம் சார், சோதனையே செஞ்சு காட்டுறேன்" என்றேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

சோதனை என்னவோ எளிதுதான். இரண்டு செம்பருத்தித் தொட்டிகளில் ஒன்றை வெயிலிலும் மற்றதை இரண்டு நாள் முழு இருட்டிலும் வைக்க வேண்டும். பிறகு இரண்டிலும் ஒவ்வோர் இலை பறித்து, பச்சை நிறம் போகும்வரை ஸ்பிரிட்டில் சூடாக்கி, அயோடின் விட வேண்டும். வெயில் இலை கருநீலமாகும், அதில் ஸ்டார்ச் இருக்கிறது. இருட்டு இலை அப்படி மாறாது.

எங்கள் பள்ளியில் ஜன்னல் இல்லாத ஒரே அறை, சத்துணவு அரிசி மூட்டைகள் வைக்கும் அறை. சாவி சமையல்கார அக்காவிடம் இருக்கும். "ரெண்டு நாளைக்கு இது இங்கயே இருக்கட்டும்க்கா" என்று தொட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. சமைக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்புதான், வேறென்ன.

வகுப்பில் மட்டும் நாடகமே போட்டேன். "வெயில் இருந்தாத்தான் செடி சோறாக்க முடியும். அந்தச் செடி இப்ப கொலைப்பட்டினி கிடக்கு" என்றேன். என் குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். சுவரை ஒட்டியிருந்த சமையல்கூடத்துக்குக் கேட்காமல் இருக்குமா?

அந்த நாளும் வந்தது. அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "இருட்டு இலை மட்டும் கருநீலமாச்சுன்னா நான் டீச்சரே இல்லை" என்று பிள்ளைகளிடம் சவால் விட்டுவிட்டு அயோடினை ஊற்றினேன். இலை கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. வெயில் இலையைவிட ஒரு பங்கு கூடவே. பிள்ளைகள் இலையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். மானம் கப்பலேறிவிட்டது.

"அயோடின் பழசு சார்" என்று உளறினேன்.

"பழசுன்னா ரெண்டு இலையுமே மாறியிருக்காதே" என்றார் அதிகாரி.

அப்போது வாசலில் கரண்டியோடு சமையல்கார அக்கா வந்து நின்றார். "டீச்சரைத் திட்டாதீங்க சார். நான்தான் தினமும் காலையில செடியை அங்கிட்டு வெயில்ல தூக்கி வச்சேன். டீச்சர் சாயங்காலம் எட்டிப் பாக்குறதுக்குள்ள உள்ள வச்சிருவேன். சுத்தி அரிசி மூட்டையா அடுக்கி வச்சுக்கிட்டு, நடுவுல அதை மட்டும் பட்டினி போட்டா மனசு கேக்குமாங்க? நீங்க வாரீங்கன்னு இன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாவே வெயில் காட்டுனேன்."

வகுப்பே சிரிப்பில் உருண்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்தக் கரண்டியைப் பிடுங்கி வீசலாம் போலிருந்தது.

"வெயில்ல வச்சா பட்டினி தீரும்னு யாரும்மா சொன்னது?" என்று அதிகாரி கேட்டார்.

"நம்ம டீச்சர்தான். நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேப்பேன்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "பாடம் நல்லாத்தான் போய்ச் சேந்திருக்கு டீச்சர்" என்றார். அதற்குமேல் எனக்குக் கோபப்படவும் வழியில்லை. வெட்கமாக இருந்தது.

மறுவாரம் அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். இந்த முறை முதலில் அக்காவை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். ரெண்டே நாள்தான், மூன்றாம் நாள் விடிந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். இருட்டு இலை நான் சொன்னபடியே கருநீலமாகவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள், அக்கா மட்டும் "பாவம்" என்று உச்சுக்கொட்டினார்.

இப்போது வேறு பள்ளிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஒளிச்சேர்க்கையைத் தொடங்கும்போதெல்லாம், வெளியே யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். சொல்லத் தேவையில்லை என்று நான் ஒதுக்கிய ஒருவர்தானே, அன்று நான் சொன்னதை அப்படியே நம்பி அந்தச் செடிக்குச் சோறு போட்டவர்.