வீடு வாடகைக்கு, நம்ம ஆளுக்கு மட்டும்

வீட்டுத் தரகில் வீட்டைக் காட்டுவது சுலபம். வருகிற மனிதரை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்தான் செருப்பு தேயும். எண்பதுகளின் கடைசியிலிருந்து தாம்பரத்துக்குக் கிழக்கே இந்தத் தொழிலைச் செய்தேன். இலக்கியம் படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்டவர்கள் உண்டு. வாடகைக்கு வீடு தேடி அலைந்து, "சொந்த ஊர் எது?" என்ற கேள்விக்கு முன்னால் எச்சில் விழுங்கிய நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

யார் வரலாம்?

ராஜகீழ்ப்பாக்கத்தில் தனசேகர் என்றொரு வீட்டுக்காரர். அப்பா காலத்து நெல்வயலை மனைகளாக விற்று, மிச்சத்தில் இரண்டு போர்ஷன் கட்டியிருந்தார். "நம்ம ஆளா பாத்து இட்டுகினு வாக்கா" என்றார். மலையாளி வேண்டாம், மீன் வாசனை. (அவர் வீட்டில் அப்போது வஞ்சிரம் வறுபட்டுக்கொண்டிருந்தது.) சேட்டு வேண்டாம், பாஷை புரியாது. தெலுங்குக்காரர்கள் கத்திப் பேசுவார்கள். இதைக் கத்தித்தான் சொன்னார். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது என்றேன். கோபக்காரர்களாம்.

"அப்போ யார்தான்ப்பா வரலாம்?"

"தமிழ் பேசினா போதும்க்கா. மத்தபடி நான் வித்தியாசம் பாக்கற ஆளே இல்ல."

கரண்ட் போனால்

பொத்தேரிப் பக்கம் படித்துக்கொண்டிருந்த கென்யா நாட்டு மாணவர் ஜோசப், ஹாஸ்டல் சமையல்காரரிடம் தமிழ் கற்றிருந்தார். தமிழ் பேசினால் போதுமே என்று அழைத்துப் போனேன். "வணக்கம்ண்ணா" என்றார். தனசேகர் பதில் வணக்கம் சொல்லாமல் என்னை ஓரமாக இழுத்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, "இன்னாக்கா இது, கரண்ட் போனா ஆளே தெரிய மாட்டாரே!" என்றார். தனசேகரின் நிறம், நன்றாகப் பழுத்த நாவல்பழம்.

தெருமுனையில் ஜோசப் என் குடையை வாங்கி எனக்கே பிடித்தபடி சொன்னார்: "அக்கா, கரண்ட் போனா அவரும்தான் தெரிய மாட்டாரு."

பக்தியான குடும்பம்

யோகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். கணவர் உயிரோடு இல்லை. மகள் மாலதிக்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒன்பதாவதில் இடம் கிடைத்திருந்தது. வீடு கிடைக்காவிட்டால் எங்கோ இருக்கும் அகதி முகாமுக்குப் போகவேண்டும். படிப்பு அத்தோடு சரி.

நான் அவரை அழைத்துப் போன அன்று தனசேகரின் மனைவி சரோஜாதான் வீட்டில் இருந்தார். "தண்ணி உப்பா கீது, பரவால்லியா?" என்றார்.

"ஓம்."

"ஒம்போதுக்கு கேட்டைப் பூட்டிடுவோம்."

"ஓம்."

"வெள்ளிக்கிழமை நீங்கதான் வாசல் தெளிக்கணும்."

"ஓம், ஓம்."

யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதை 'ஓம்' என்பார்கள். சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் விளக்கம் எதுவும் சொல்லப் போகவில்லை. சாவியை என் கையில் வைத்து அவர் சொன்னார்: "இன்னா பக்தி! வாயத் தொறந்தா மந்திரம்தான். பேச்சு மலையாளத்துப் பக்கமா இருந்தாலும் பரவால்லக்கா."

தண்டவாளம்

அடுத்த கோடையில் நாட்டையே உலுக்கிய ஒரு கொலை நடந்தது; பழி இலங்கைத் தமிழர் மேல் விழுந்தது. யோகேஸ்வரி அண்டை வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூடக் கேட்காதவர். ஆனாலும், அவர் யாழ்ப்பாணம் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்த தெரு, அவரைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தியது. தனசேகர் உடனே காலி செய்யச் சொன்னார்.

எண்பத்து மூன்றில் இலங்கைத் தமிழருக்காகத் தாம்பரம் தண்டவாளத்தில் படுத்து ரயிலை மறித்தவர் அவர். அந்தப் போட்டோ கூடத்தில் மாட்டியிருந்தது. அதன் கீழே நின்றுகொண்டுதான் கேட்டேன், "தமிழ் பேசினா போதும்னியேப்பா?" என்று. போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவங்களுக்காகத் தண்டவாளத்துல படுக்கலாம்க்கா, வூட்ல வெச்சிக்க முடியுமா? அவங்க பேசறது வேற தமிழு."

பள்ளிக்கரணையில் ஒரு போர்ஷன்

மாலதி அதற்குள் இந்தத் தெருக்களின் தமிழை அள்ளிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கரணையில் சதுப்புநிலத்தைப் பார்த்த ஒரு வீட்டில் அவளே முன்னால் போய்ப் பேசினாள்: "இன்னா சார், பாத்ரூம்ல கொழா ஒழுவிகினே கீது?" வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. யோகேஸ்வரி பக்கம் திரும்பி, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்றார்.

யோகேஸ்வரி வாயைத் திறந்தார். நான் சதுப்பில் நின்ற கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திறந்த வாய், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"அம்மாவுக்குப் பேச்சு வராது சார்" என்றாள் மாலதி, அம்மாவைப் பார்க்காமல்.

அந்த வீட்டிலிருந்துதான் அவள் பத்தாவது எழுதித் தேறினாள். அதுவரை யோகேஸ்வரி, கதவைச் சாத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்த பிறகுதான் மகளோடு கதைத்தார். வீட்டுக்காரர் பின்னொரு நாள் கடைவீதியில் என்னை நிறுத்திச் சொன்னார்: "அதே மாதிரி இன்னொரு குடும்பம் இருந்தா சொல்லுங்க மேடம். வாய் பேசாதவங்க எந்த ஊரா இருந்தா நமக்கின்னா?"

வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸைக் கேட்டு வாங்கிவிடலாம். யோகேஸ்வரி அந்த வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்ததோ தன் தமிழை.