பழைய ஹாட் டிஸ்க்கும் என் நெஞ்சுப் படமும்

என் கணவர் எதையும் எறிய மாட்டார். எனக்கோ எறிந்தால்தான் மூச்சு வரும். எங்கள் உரும்பிராய் வீட்டில் முப்பது வருடமாக நடக்கும் சண்டை இது ஒன்றுதான்.

மூன்று வருடத்துக்கு முன் மின்னல் அடித்து எங்கள் கொம்பியூட்டர் கருகியது. பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கச் சொன்னேன். என் கணவரோ உள்ளேயிருந்த ஹாட் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்தார். ரவுண் கடைத்தெருவுக்குப் போய், வயர் வைத்த ஒரு பிளாஸ்ரிக் கூடு வாங்கிவந்து அதற்குள் போட்டார். ரீவியில் செருகினால் பழைய படங்கள் ஓடின. "உந்தச் சவத்துக்கு ஏன் சட்டை போட்டு வைச்சிருக்கிறியள்?" என்று நக்கலடித்தேன்.

போன மாசியில் இருமலுக்கு ஸ்கான் எடுத்தபோது, நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தது. டொக்டர் மறைக்கவில்லை. "அம்மா, முந்தி எப்பவாவது ஸ்கான் எடுத்தனீங்களோ? அதிலயும் இது இருந்து, வளராமல் இருந்தால் பயமில்லை. இல்லையெண்டால் ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கவேணும்."

ஆறு வருடத்துக்கு முன் நிமோனியா வந்தபோது எடுத்ததுதான். சீடியில் போட்டுத் தந்தார்கள். கிளி விரட்டவென்று அந்தச் சீடியை மாதுளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டவளும் நான்தான். போய்ப் பார்த்தால், வெயிலும் மழையும் பட்டுப் பூச்செல்லாம் உரிந்து கிடந்தது. பயத்தில் அவரைத்தான் ஏசினேன், கட்டும்போது ஏன் பார்த்துக்கொண்டு நின்றீர்கள் என்று.

அவர் உள்ளே போய் அந்தக் கூட்டை எடுத்துவந்தார். "சீடியை அப்பவே கொம்பியூட்டரில ஏத்தி வைச்சனான். கிடக்கவேணும்."

லப்டொப்பில் செருகினார். உள்ளே இருப்பதைக் காட்டாமல், பாவிக்கமுன் இதை அழிக்கவேண்டும், அழிக்கட்டுமா என்று கேட்டது. "கேக்குதல்லோ, ஓமெண்டு குடுங்கோ" என்று நானே அழுத்தப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டார். கலியாணத்துக்குப் பிறகு அப்படி இறுக்கிப் பிடித்தது அன்றுதான்.

"கொஞ்சம் பொறும். வயர்தான் பிழை போல."

வேறு வயர் மாற்றினார். சினிமாப் படங்களுக்கு நடுவில் என் பெயரிலேயே ஒரு கோப்புறை கிடந்தது. திறந்தால் என் நெஞ்சு.

அடுத்த கிழமை அந்தக் கூட்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு டொக்டரிடம் போனோம். இவர் வெளியே போட்டிருந்த மர வாங்கில் இருந்தார். டொக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தார். நான் பிள்ளையாரைக் கும்பிட்டபடி இருந்தேன்.

"அதே இடம், அதே அளவு. ஆறு வருசமா அசையேல்லை. பழைய தழும்புதான் அம்மா. ஒண்டும் செய்யத் தேவையில்லை, வீட்டை போங்கோ."

வெளியே வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினார். இந்த மனிசன் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்க அழுகை வந்தது. எங்கள் வீட்டில் புருசனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. இருந்தும் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, பெரிய நன்றி."

அவர் முகம் வெளிறிவிட்டது. வாங்கிலிருந்து எழும்பி என் கிட்ட வந்தார்.

"ஏனப்பா," என்றார் மெதுவாக, "டொக்டர் வேற ஏதும் சொன்னவரோ?"