உரப்பையில் நட்ட இஞ்சி

பதுளையில் வேலை செய்த என் கணவர் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்தது முளைவிட்ட இஞ்சித் துண்டுகள். கல்லடியில் எங்கள் வளவில், உரப்பைகளில் மண் நிரப்பி நட்டார். இலை விரியும் முன்பே மாரடைப்பில் போய்விட்டார்.

வெயில் ஏற ஏற இலை நுனிகள் கருகின. மலைநாட்டுப் பயிருக்கு எங்கள் வெக்கை ஒத்துவரவில்லை என்று நினைத்து, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். ஊற்ற ஊற்ற இன்னும் கருகின.

பக்கத்து வீட்டு மச்சாள் வாளிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

“என்னகா இது, உப்பாக் கரிக்குது! நீ வாயில வச்சுப் பாக்கல்லியா?”

ஊரை ஒட்டிக் கடலோடு சேரும் வாவியின் உப்பு கிணற்றுக்குள் ஏறியிருந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அந்தத் தண்ணீரை நான் குடித்ததே இல்லை.

பைகளைக் கொட்டினேன். எல்லாம் அழுகிக் குழைந்திருந்தன. திரும்ப நட ஒரு துண்டும் மிஞ்சவில்லை. முகர்ந்தேன், இஞ்சி வாசம்கூட இல்லை.

இப்போது எது வாடினாலும் வாளியைத் தொடப் பயமாக இருக்கிறது.