தென்காசி ராத்திரியும் குற்றால ராத்திரியும்

போன வாரம் என் மகனோடு வேலை பார்க்கும் பையன் ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். சீசனுக்கு நண்பர்களோடு வருகிறானாம். “ஆன்ட்டி, தென்காசில ரூம் போடலாமா, குற்றாலத்துலயா? எங்க நைட் லைஃப் நல்லாருக்கும்?” என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் நைட் லைஃப் கொசுவலைக்குள்தான் தம்பி என்று வாய் வரை வந்தது. நல்ல பையன், பாவம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்தால் முதலில் வந்தது புதுத் துண்டின் கஞ்சி வாசனைதான்.

கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். சீசன் வந்துவிட்டால் பட்டெல்லாம் உள் அலமாரிக்குப் போய்விடும். வாசல் முழுக்கத் துண்டும் பெர்முடாஸும் நைட்டியும் தொங்கும். ஊரிலிருந்து எண்ணெய், சீயக்காய், புளியோதரை வரை மறக்காமல் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் துண்டை மட்டும் எப்படித்தான் மறப்பார்களோ. அருவிக்குக் குளிக்க வருகிறவன் துண்டை மறப்பான் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் சம்பளமே ஓடியது.

துண்டு வாங்குகிறவர்கள் கூடவே ஒரு கேள்வியும் கேட்பார்கள். ராத்திரி எங்கே தங்கினால் நல்லது? அதற்குப் பதில் சொல்ல இரண்டு பேர் தயாராக இருந்தோம். ஒருத்தி நான். இன்னொருத்தி என்னோடு அதே கவுண்டரில் நின்ற ரஹ்மத். அவள் தென்காசிக்காரி. நான் பழைய குற்றாலம் ரோட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அவரவர் ஊரைத்தான் அவரவர் தூக்கிப் பேச வேண்டும், இல்லையா? எங்களிடம் அது தலைகீழாக இருந்தது.

“குத்தாலத்துலயே தங்குங்கக்கா. பழைய குத்தாலத்துக்கு ராத்திரி போங்க, கூட்டம் இருக்காது. தண்ணி முதுகுல பஞ்சு மாதிரி விழும்” என்பாள் ரஹ்மத்.

நான் விடமாட்டேன். “அங்கன என்னக்கா இருக்கு? எண்ணெ வழுக்கும், எட்டு மணிக்கு மேல தோசை கெடைக்காது. தென்காசில தங்குங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் சூடா பரோட்டா, சால்னா. செகண்ட் ஷோ பாத்துட்டு நடந்தே வரலாம், காத்து சிலுசிலுன்னு வரும்.”

முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப்பார்ப்பார். “ஏட்டி, ரெண்டு பேரும் சண்டைய நிறுத்திட்டுத் துண்டக் காட்டுங்க.”

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நாங்கள் இரண்டு பேரும் அளந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான். கடை அடைத்ததும் நான் கடைசி பஸ்ஸுக்கு ஓடுவேன். தென்காசியின் செகண்ட் ஷோவை நான் எங்கே கண்டேன்? ரஹ்மத் கதை அதைவிட மோசம். கைக்கெட்டும் தூரத்தில் அருவியை வைத்துக்கொண்டு சீசனில் ஒரு தடவைகூடக் குளித்ததில்லை. பகலில் கடை. ராத்திரி என்றால் அவள் உம்மா விடமாட்டாள். சீசன் வெளியூர்க்காரர்களுக்குத்தான் சீசன், எங்களுக்கு அது வேலை.

ரஹ்மத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை, கையோடு கூட்டிப்போகிறார் என்றார்கள். அன்று துண்டு மடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: “போறதுக்குள்ள ஒரு ராத்திரி பழைய குத்தாலத்துல குளிக்கணும்ட்டி. இல்லன்னா நான் இத்தன நாள் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிரும்.” விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

கல்யாணப் பெண்ணைத் தோழி வீட்டில் விருந்துக்குக் கூப்பிடுவது வழக்கம்தானே, அதைச் சாக்காக வைத்து அவள் உம்மாவிடம் போய் நின்றேன். அருவி என்றதும் உம்மா ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு, “நானும் வருவேன். எம் பிள்ளைய ஒத்தையில விடமாட்டேன்” என்றாள். அன்று ஒரு ராத்திரிதான். மறுநாளோடு அவளுக்குக் கடை வேலையும் முடிகிறது, அதற்குப் பிறகு பெண்ணை வீட்டை விட்டு அனுப்பமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் என் மதினி காத்துக்கொண்டிருந்தாள். அருவிக்குப் போகிற திட்டம் அவளுக்குத் தெரியாது. நான் துணி எடுத்து வைத்துவிட்டு வருவதற்குள், கல்யாணப் பெண் வெறுங்கையோடு இருக்கலாமா என்று, அரைத்து வைத்திருந்த மருதாணியை ரஹ்மத்தின் இரண்டு கையிலும் அப்பி முடித்துவிட்டாள். விரலுக்கெல்லாம் தொப்பி, உள்ளங்கையில் வட்டம். ஆசையாகச் செய்கிறவளிடம் வேண்டாம் என்று சொல்ல ரஹ்மத்துக்கு நாக்கு எழவில்லை. என்னைப் பார்த்து விழித்தாள்.

“கழுவிட்டு வாரேன் உம்மா.”

“செவக்குறதுக்கு முன்னாடி கல்யாணப் பொண்ணு மருதாணியக் கழுவுனா ஆவாதுட்டி” என்று உம்மா முடித்துவிட்டாள்.

இருந்தாலும் போனோம், சும்மா பார்த்துவிட்டாவது வரலாமே என்று. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் நாலைந்து பேர்தான். சாரல் முகத்தில் அடித்தது. ரஹ்மத் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி நின்றாள், அழுதேவிட்டாள். அப்போதுதான் ஈரத்துணி போடக் கொண்டுவந்த கடைக் கவர்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு கையையும் ஒரு கவருக்குள் விட்டு, மணிக்கட்டில் என் சடை ரிப்பனால் கட்டினேன். உம்மா, “பைத்தியாரக் குட்டியளா” என்று திட்டிக்கொண்டே சேலையை இழுத்துச் சொருகினாள். எங்களுக்கு முன்னால் அவள்தான் அருவிக்குள் போனாள். கடைப் பெயர் போட்ட கவர்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ரஹ்மத் தண்ணீருக்கு அடியில் நின்ற நிற்பு இருக்கிறதே, அதைப் போல் ஒரு சந்தோஷத்தை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. கடைசியில் உம்மாவை வெளியே இழுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் கடையில் ஒரு அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இந்தத் தடவை ரஹ்மத் பஞ்சு மாதிரி என்றெல்லாம் அளக்கவில்லை. “போய்ப் பாருங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை மடித்தாள்.

பெங்களூர்ப் பையனுக்குத் தென்காசி என்று பதில் அனுப்பினேன். நான் தென்காசிக்கே வாழ்க்கைப்பட்டு வந்து செகண்ட் ஷோவெல்லாம் பார்த்தாயிற்று. அந்த ஜவுளிக்கடை இப்போது செல்போன் கடை.

ரஹ்மத் ஊருக்கு வரும்போதெல்லாம் சீசன் முடிந்திருக்கும். போன வருஷம்தான் சீசனில் வந்தாள், காலேஜ் படிக்கும் மகளோடு. ராத்திரி சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் பழைய குற்றாலம் போனோம். வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். இப்போதெல்லாம் ராத்திரியில் விடுவதில்லையாம். “காலைல வாங்கக்கா” என்றாள் காவலுக்கு நின்ற பெண். பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டுக்குள்ளிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ரஹ்மத் அங்கேயே நின்று மகளுக்குக் கதையைச் சொன்னாள். அவள் நம்பவில்லை. “உம்மும்மா ராத்திரில வந்து அருவில குளிச்சாங்களா? போங்கும்மா.” பேத்திக்குத் தெரிந்த உம்மா முழங்கால் வலியோடு கட்டிலில் கிடந்தவள்தான்.

“நீயாச்சும் சொல்லுட்டி” என்றாள் ரஹ்மத். கவர், ரிப்பன், மருதாணி என்று நானும் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சிரித்தாள்.

“ரெண்டு பேரும் பேசி வச்சிட்டு வந்திருக்கீங்க.”

உம்மா இருந்திருந்தால் ஒரே அதட்டில் நம்ப வைத்திருப்பாள்.