மாமி கண்டுபிடித்த கொலைகாரர்கள்

எங்கள் பக்கத்தில் எல்லா மாப்பிள்ளைகளும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் நடக்கும். ஆண் தன் உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேரவேண்டும். நானும் அப்படித்தான் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தேன். மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம் கூட இல்லாத தூரம். ஆனாலும் வந்தவன் வந்தவன்தான். பதினொரு வருடம் கழித்தும், தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போகுமுன் நான் ஒருமுறை இருமிக்கொள்வேன்.

இருமுவது மாமிக்காக, என் மனைவியின் தாய்க்காக. மாமா இறந்தபிறகு மாமி வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போயிருந்தார். எனக்கு முன்னால் வரமாட்டார், என்னோடு நேரே கதைக்கவும் மாட்டார். இஸ்லாமிய மார்க்கத்தில் இப்படி எதுவும் இல்லை. மாமி தாய்க்குச் சமம், திரையே தேவையில்லை. ஆனால் மாமியின் உம்மா அப்படி இருந்தார், ஆகவே மாமியும் அப்படி இருந்தார். கலியாணத்தன்று என் முகத்தை ஒருதரம் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு ஹோலுக்கும் குசினிக்கும் இடையில் தொங்கிய தடித்த துணிதான் எங்களுக்கு நடுவில் இருந்தது. அந்தத் துணியைத் தாண்டிச் செய்தி கொண்டு திரிந்தவள் என் மனைவி.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பழைய காலத்து ஆங்கிலக் கொலைத் தொடர்கள். கொரோனா ஊரடங்கில் தொற்றியது, கொரோனா போயும் போகவில்லை. குதிரை வண்டி, ஆளில்லாத மாளிகை, மெழுகுதிரியோடு படியேறும் கறுப்பு உடுப்புக்காரி, கதவுக்குப் பின்னால் யாரோ. அங்கே பனிப்புகாரில் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. இங்கே நானும் மனைவியும் சீலிங் ஃபேனை முழு வேகத்தில் போட்டுவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருப்போம். ஆங்கிலம் ஓடும், அடியில் தமிழ் எழுத்து ஓடும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துவேன். மனைவி தேத்தண்ணி எடுக்கிற சாக்கில் உள்ளே போய் அதுவரையான கதையைத் தாய்க்குச் சொல்லுவாள். திரும்பி வரும்போது கையில் தேத்தண்ணியும் வாயில் தீர்ப்பும் இருக்கும்.

"உம்மா சொல்றா, பாதிரி இல்லையாம். அந்த டொக்டராம்."

"டொக்டரா? அவன்தானே எல்லாருக்கும் உதவி செய்றான்!"

"எனக்கென்ன தெரியும்? உம்மா சொன்னதச் சொன்னன்."

கடைசியில் டொக்டர்தான் விஷம் வைத்தவனாக இருப்பான். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை இல்லை. வண்டிக்காரன், வளர்ப்பு மகள், குருட்டு வேடம் போட்ட பியானோ வாத்தியார் என்று அத்தனை பேரையும் மாமி குசினியில் இருந்தபடியே பிடித்துக் கொடுத்தார். ஒரு சொல் ஆங்கிலம் தெரியாத மனிசி. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இந்த இடத்தில் என் களவையும் சொல்லவேண்டும். இந்தத் தொடர்களுக்கென்று தமிழ் ரசிகர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். கொழும்பு, மட்டக்களப்பு, தோஹா, தொரன்டோ என்று எல்லா இடத்திலும் ஆட்கள். கடைசிப் பகுதிக்கு முன்னால் கொலைகாரன் யாரென்று எழுதிப் போடுவதுதான் அங்கே விளையாட்டு. நான் மாமியின் தீர்ப்பை என் பெயரில் போட்டேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. எனக்கு "இன்ஸ்பெக்டர்" என்று பட்டம் கிடைத்தது. கல்முனை பஸாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவனை உலகத்தில் நாலு பேர் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிட்டால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

போன வருடம் கொழும்பில் இருக்கும் மனைவியின் ராத்தாவுக்கு, அதாவது அவள் அக்காவுக்கு, பிள்ளை பிறந்தது. பத்து வருடம் காத்திருந்து கிடைத்த பிள்ளை. மாமி முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தோம். மாமி போகமாட்டேன் என்றுவிட்டார்.

"பஸ்ஸில இருந்தா கால் வீங்கும். நீ போ புள்ள," என்று மகளிடம் சொன்னது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

ராத்தா போனில் அழுதாள். மனைவி கோபத்தில் இரண்டு நாள் தாயோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு எங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு தானே புறப்பட்டாள். எனக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டதாக நினைப்பு. அந்தக் கிழமை ஒரு புதிய தொடர் தொடங்கியிருந்தோம், மாமிக்கு அதில் உயிர். அதை விட்டுப் போக மனமில்லை என்று முடிவு கட்டினேன். குழுவிலும் எழுதினேன்: "எங்கள் வீட்டில் ஒருவர் பேரப்பிள்ளையையே பார்க்கப் போகவில்லை, தொடர்தான் முக்கியமாம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் மாமியும் நானும். இரவில் துணைக்கு மாமியின் தங்கை பக்கத்து வீட்டிலிருந்து படுக்க வருவார். பகலில் சோறு மேசையில் மூடி இருக்கும், நான் சாப்பிட்டு மூடிவைப்பேன். யாரும் யாரையும் காணமாட்டோம். முதல் நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தொடரைப் போட்டபோதுதான் உறைத்தது, கதை சொல்ல ஆளில்லை. மாமிக்கு எப்படிப் புரியும்? ஆகவே அடியில் ஓடிய தமிழை நானே சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். மாமிக்காக என்று காட்டிக்கொள்ளவில்லை. தனியே புலம்புகிறவனைப் போல வாசித்தேன்.

பகுதி முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. மாமி பூனையோடு கதைத்தார்.

"அந்தத் தம்பிக்காரன் அழுறான்தானே, அது பொய் அழுக. விளங்குதா பூன?"

பூனைக்கு விளங்கியதோ என்னவோ, எனக்கு விளங்கியது. அன்றிரவே குழுவில் போட்டேன். இப்படியே நாலு நாள். நான் சுவருக்கு வாசித்தேன், மாமி பூனைக்குத் தீர்ப்புச் சொன்னார். அந்த நாலு நாளும் அந்த வீட்டில் நான் சந்தோசமாக இருந்தேன்.

ஐந்தாம் நாள் வந்த பகுதியில் ஒரு நீண்ட காட்சி. மாளிகைக்காரி தனியே நடந்து போய், இறந்த கணவனின் அலுமாரியைத் திறந்து, ஒரு கத்தியைத் துணியில் சுற்றி அடியில் ஒளிக்கிறாள். பேச்சில்லை, இசையும் இல்லை. வாசிக்க எழுத்து எதுவும் ஓடவில்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கரண்ட் போயித்தா, மகன்?"

பதினொரு வருடத்தில் மாமி என்னிடம் நேரே கேட்ட முதல் கேள்வி அது. திரைத்துணி காற்றில் விலகியிருந்தது. குசினியில் மாமியின் தலைக்கு மேலேயே டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மாமியின் கதிரை டீவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் கிடந்தது. வெளிச்சத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அவர் வெளிச்சம் எங்கே என்று கேட்கிறார்.

 இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் மாமி. போயித்து," என்றேன். தொடரை நிறுத்தினேன்.

"சரி, வரும்," என்றார் மாமி.

அன்று எனக்கு நித்திரை இல்லை. கொழும்புக்குப் போகாதது கால் வீக்கத்தாலும் அல்ல, தொடராலும் அல்ல. பெற்ற மகள் பத்து வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளையை அவரால் பார்க்க முடியாது. போனால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த வீட்டில் உப்பும் மிளகாயும் இருக்கிற இடம் கைக்குத் தெரியும், அதனால் சமாளித்திருக்கிறார். மகள் தினமும் பார்க்கிற தாய், அதனால் அவளுக்குத் தெரியவில்லை. நான் பார்ப்பதே இல்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. நான் ஒரு நல்ல இன்ஸ்பெக்டர்!

காலையில் நான் இருமவில்லை. துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"மாமி, நேத்து கரண்ட் போகல்ல."

"தெரியும் மகன்," என்றார். "பேன் சுத்துற சத்தம் கேட்டிச்சிதானே. உங்களக் கேட்ட பிறகுதான் அத யோசிச்சன். மறுகா நீங்க போயித்து எண்டு சொல்லக்குள்ள, என்ட கண்ணப் பத்தி நீங்க அறிஞ்சிட்டீங்க எண்டு எனக்கு விளங்கிற்று. நீங்க பொய் சொன்னா முதல்ல மூச்சொண்டு எடுப்பீங்க."

நான் கேட்டேன்:

"ஏன் மாமி சொல்லல்ல?"

மாமி கையில் இருந்த வெங்காயத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டக் குடுத்துட்டன் மகன். இனி இது உங்கட வீடு, நான் ஓரமா இரிக்கிற ஆள். வீட்டையும் தந்துட்டு என்ட கண்ணையும் உங்கட தலையில கட்டுறதா?"

 இத்தனை காலமும் இந்த வீட்டில் நான்தான் விருந்தாளி என்று நினைத்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கத்தில் அவரும் அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு விருந்தாளிகள், இருமி இருமி நடந்திருக்கிறோம்.

"செருப்பப் போடுங்க மாமி, ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றேன். முற்றத்தில் இறங்கும்போது கையை நீட்டினேன். தயங்கினார். பிறகு பிடித்துக்கொண்டார். சின்னக் கை, வெங்காய மணம்.

கண் கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் நிறையப் பேர். வாங்கில் உட்கார்ந்திருந்தபோது, இனியும் மறைத்தால் தாங்காது என்று என் களவைச் சொன்னேன். குழு, தீர்ப்பு, இன்ஸ்பெக்டர் பட்டம், எல்லாம்.

"என்ட கதையையா அங்க போட்டீங்க?" என்றார்.

"ஓம் மாமி. மன்னிச்சிடுங்க."

"அதுக்கு ஆக்கள் என்ன சொன்னாங்க?"

போனை எடுத்து வாசித்தேன். தொரன்டோவிலிருந்து ஒரு பெண், "எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்களோ" என்று எழுதியிருந்தாள். தோஹாவில் சாரதி வேலை செய்யும் ஒருவர், "நீங்க சொன்னா வேதவாக்கு, நான் கடைசிப் பகுதி பார்க்கிறதையே விட்டுட்டன்" என்று எழுதியிருந்தார். மாமி முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள்.

"இன்னும் இரிக்கா மகன்? வாசிங்களன்."

இரண்டு வருடத்துப் பழையதெல்லாம் தேடித் தேடி வாசித்தேன். எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டது கூடக் கேட்கவில்லை, பக்கத்து மனிதர் தட்டிச் சொன்னார்.

டொக்டர் அம்மா ஒளியடித்துப் பார்த்தார். வலது கண் இனி வராது, பிந்திவிட்டது என்றார். இடது கண்ணில் வெள்ளைப் புரை முற்றியிருக்கிறது, ஒப்பரேஷன் செய்தால் பார்வை வரக்கூடும், ஆனால் இனியும் வைத்திருக்கக் கூடாது என்றார். மாமி வலது கண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "மறு கண்ணால புள்ளட முகம் தெரியுமா டொக்டர்?" என்று மட்டும் கேட்டார். "இன்ஷா அல்லாஹ் எண்டு நினைங்க," என்றார் அந்த டொக்டர். அவர் பாண்டிருப்புப் பக்கத்துத் தமிழ்ப் பெண், எங்கள் வார்த்தையிலேயே சொன்னார்.

மனைவியிடம் போனில் சொன்னேன். அவள் கதறியதைக் கேட்க முடியவில்லை. தாயைக் கோபித்த இரண்டு நாளையும் சொல்லிச் சொல்லி அழுதாள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். ராத்தாவும் சேர்ந்து அழுது, பிள்ளைக்கு நாற்பது நாள் முடிந்ததும் தானே கொண்டுவருவதாகச் சொன்னாள். அன்று பின்னேரம் குழுவில் உண்மையை எழுதிப் போட்டேன். கண்டுபிடித்ததெல்லாம் என் மாமி, அவருக்குக் கண் தெரியாது, குரலை மட்டும் கேட்டுத்தான் பிடித்தார் என்று. அடிக்க வருவார்கள் என்று பயந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, என்னைக் கவனிக்கவே இல்லை. ஒருவர் பின் ஒருவராக துஆக் கேட்கிறோம், கும்பிடுகிறோம், ஜெபிக்கிறோம் என்று எழுதினார்கள். கடைசியில் தோஹாக்காரர் கேட்டார்: "அதுசரி, இந்தத் தொடரில் மாமி யாரைச் சொல்றா?"

ஒப்பரேஷன் நடந்த மறுநாள் காலை கட்டு அவிழ்த்தார்கள். கட்டிலுக்கு வலப்பக்கம் மனைவி நின்றாள். இடப்பக்கம் இடம் இருந்ததால் நான் நின்றேன்.  தாதி துணியை எடுத்ததும் மாமி கண்ணைச் சுருக்கினார், தண்ணீர் வழிந்தது, மெல்லத் திறந்தார். தலையைக் குனிவார், முக்காட்டை இழுப்பார் என்று எண்ணி நான் பின்னால் நகரப் போனேன். அவர் குனியவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னை நெற்றியிலிருந்து தாடி வரை பார்த்தார். யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"யா அல்லாஹ்," என்றார். "எங்கட வீட்டில இருந்தே நரைச்சிட்டீங்களே, மகன்."

 என் கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை. மறுபக்கத்திலிருந்து மனைவி அழுகையும் சிரிப்புமாகத் தாயின் தோளைத் தொட்டாள்.

"உம்மா, நானும் இங்கதான் நிக்கன்."

"பொறு புள்ள," என்றார் மாமி, திரும்பாமலே. "உன்ன நான் பொறந்ததில இருந்து பாத்திருக்கன். இவர இப்பத்தான் பாக்கன்."