மாடியேறி வந்த மறுப்பு

அடுத்த வீட்டுக் கதை என்றால் உங்களுக்குக் காது நீண்டுவிடுமே. அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். வந்தாச்சா? சரி, கேளுங்கள்.

பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீடு. போன தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்னால், கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள். அவளுடையது செபராங் ஜெயாவில், மாதா கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். சர்க்கரை வியாதிக்காரிகளான எங்கள் சிலருக்கு ஓர் இலைப்பொடி கொடுத்து, மாத்திரையோடு இதையும் தினமும் கரைத்துக் குடிக்கச் சொன்னாள். என் மாமியாரே தேவலை என்று தோன்றும் கசப்பு. தைப்பூசம் நெருங்கும்போது வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தாள். எல்லாருக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது.

கல்லூரிக் கூட்டத்தில் அவள் அதைச் சொல்ல, பேப்பரில் வந்துவிட்டது. 'சர்க்கரைக்கு இனி மாத்திரை வேண்டாம்' என்று கொட்டை எழுத்து. பிறகு ரேடியோ, பிறகு எல்லார் கைபேசியும். பொடி குடித்த எங்களை ஒருவரும் வந்து கேட்கவில்லை.

மேல்மாடி அக்காவும் சர்க்கரைக்காரிதான். செய்தியைப் படித்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அதே பொடியைக் கடையில் வாங்கிக் குடித்தாள். ஏற்கெனவே காலில் புண் வேறு.

"மாத்திரையை நிறுத்தாதீங்க லா, அக்கா."

"நீ பள்ளிக்கூடத்துக்குப் போனதே மழைக்கு ஒதுங்கத்தான். பேப்பர்காரன் பொய்யா எழுதுவான்?"

"ராசிபலன்ல எனக்கு வாராவாரம் தனலாபம்னுதான் எழுதுறான்."

அக்கா சிரிக்கவில்லை. கால்விரல் கறுத்துக்கொண்டே போனது.

அப்போதுதான் அந்தப் பெண், யாரும் கூப்பிடாமலே, எங்களை மறுபடி சோதித்துப் பார்க்க வந்தாள். பொடியை நான் விடவில்லை. ஆனாலும் சர்க்கரை பழைய இடத்துக்கே ஏறியிருந்தது. அவள் பார்வை என் தட்டில் இருந்த ஆட்டுக்கறிப் பிரட்டலில் விழுந்தது.

"பாட்டி, பொடி குடிச்ச மாசமும் இப்படித்தான் சாப்பிட்டீங்களா?"

"அப்ப பால்குட விரதம்மா. ஒரு வேளைதான் சைவச் சோறு, தினமும் கோயிலுக்கு நடை."

"எல்லாருமா? தைப்பூசத்தன்னிக்கு மட்டும்தான் விரதம்னு நெனச்சேன்."

எல்லாரும்தான் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப சர்க்கரையை இறக்கினது பொடிதான்னு சொல்ல முடியாது, பாட்டி. விரதமா இருக்கலாம். நான் கேட்கவே இல்ல."

அங்கிருந்தே பேப்பருக்குப் போன் போட்டாள். அது பழைய செய்தி என்று வைத்துவிட்டார்கள். அக்காவைப் பற்றிச் சொன்னேன். லிஃப்ட் பழுது. படியேறி ஓடினாள். நான் மெதுவாகப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் மூச்சு வாங்க அக்கா முன்னால் நின்றிருந்தாள்.

"பாட்டி, தப்பு என்னோடது. மாத்திரை வேணாம்னு நான் சொல்லவே இல்ல. அந்தப் பொடியை நம்பாதீங்க. இப்பவே கிளினிக் போலாம், வாங்க."

யார் சொல்லியும் கேட்காத அக்கா, செருப்பைத் தேடினாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. பல நாள் சாயங்காலம் வந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அத்தனை படித்த பிள்ளை, கதவுக்குக் கதவு "எனக்குத் தெரியாமப் போச்சு" என்று சொன்னதைப் பார்த்து, நான் அவளுக்கு மோர் கரைத்து வைத்தேன். பேப்பருக்கு ஊரெல்லாம் வாய். அவளுக்கு இருந்தது ஒரு வாயும் இரண்டு காலும்தான்.

இப்போதும் புது ஆராய்ச்சி என்று செய்தி வந்தால் அக்கம்பக்கத்தார் என்னிடம் வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் சொல்லிவிட்டேன்: "கண்டுபிடிச்சேன்னு சொல்றவங்களை மெதுவா நம்பலாம் லா. 'தப்பு என்னோடது'ன்னு மாடியேறி வந்து சொல்றவங்களுக்கு முதல்ல நாற்காலி போடுங்க."