எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பட்டன்

கட்டைவிரல் நகத்தைக் கணினித் திரையில் வைத்து, பட்டனுக்கும் அதன் மேலுள்ள எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இடைவெளி கூடிவிட்டது. "யாரோ கை வெச்சிருக்காங்க," என்று முணுமுணுக்கிறார். கை வைத்தவர் அதற்குள் நாற்காலியைக் காலி செய்திருப்பார்.

கல்யாணமே ஆகாத அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் மாமியார். நாங்கள் ஒரு பெரிய மருத்துவமனையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். பல், எலும்பு, கண் என்று ஒவ்வொரு பிரிவின் பக்கங்களையும் ஒவ்வொரு குழு செய்கிறது. ஆனால் பட்டன், கட்டம், எழுத்து, நிறம் எல்லாவற்றையும் மாமியார் செய்து வைத்திருக்கும் பொதுத் தொகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்ததை நீட்டவோ குறுக்கவோ கூடாது. "உடம்பு முடியாதவங்க வர்ற இடம். பக்கத்துக்குப் பக்கம் பட்டனைத் தேட விடலாமா?" என்பார். அதில் நியாயம் இருந்தது. சிவப்புப் பட்டன் கேட்டு வந்த பல் பிரிவுக்காரரை, "பல்லுல ரத்தம் வர்றது போதாதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

கண் பிரிவுக்கு வேலை செய்யும் பெண் ஒருமுறை வந்து நின்றாள். "அக்கா, எங்க பக்கத்துக்கு வர்றவங்களுக்குப் பார்வையே மங்கல். இந்த வெளிர்நீலம் தெரியலையாம். எங்களுக்கு மட்டும் கருநீலமா, கொஞ்சம் பெருசா வெச்சுக்கறோமே."

"உனக்கு மட்டும்னு ஒண்ணு கிடையாதும்மா. மாத்தினா எல்லாத்துக்கும் மாத்தணும். சோதிச்சுப் பாக்கணும். பொறு."

பொறுத்தாள். சோதனை இழுத்துக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் மாமியாரின் அண்ணனுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறியது. வீட்டில் அவர்கள் இருவர்தான். தங்கை பார்த்துக்கொள்ளும் வெப்சைட்டில் மருத்துவரைப் பார்க்கத் தானே பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று அண்ணனுக்கு ஒரு வீம்பு. பல வாரம் முட்டிமோதியிருக்கிறார், வாய் திறக்கவில்லை. கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்ட அன்றுதான் சொன்னார். "பதிவு பண்ற இடமே வரலம்மா. கீழ வெறும் வெள்ளையா இருக்கு. கேட்டா உன் வேலையைக் குறை சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு..."

இடது கண் போய்விட்டது. வலதில் ஏதோ மிச்சம். 'முன்னாடியே வந்திருந்தால்' என்று ஆரம்பித்த மருத்துவர், மாமியாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். திரையிலிருந்து பார்வையை எடுக்காமலேயே மாமியார் இதை என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரமே எல்லாப் பக்கங்களிலும் பட்டன் கருநீலமானது, பெரிதானது.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியார் போனில் அந்தப் பதிவுப் பக்கத்தைத் திறந்து அண்ணன் முன்னால் வைத்தார்.

"இப்போ தெரியுதாண்ணே?"

"ஓ, பளிச்சுன்னு தெரியுதே!"

அண்ணனின் விரல், பட்டனிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது.

மாமியார் போனை மெல்ல நகர்த்தி, பட்டனை அந்த விரலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்.